நள்ளிரவில் வெட்டிய கிளை

நவம்பர் 11-ம் தேதி இரவு. இங்கிலாந்தில் அந்த மாதத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று அங்கே போய் வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும். எலும்பு வரை ஈரம் ஏறும். வீட்டுக்குள் நெருப்புக்குப் பக்கத்தில் முடங்கிக் கிடக்க வேண்டிய அந்த ராத்திரியில், லௌட்டன் என்கிற கிராமத்து ஆட்கள் மட்டும் கையில் கோடரியோடு காட்டுக்குள் காத்துக்கொண்டிருப்பார்கள். மணி பன்னிரண்டு அடிக்க வேண்டும். அடித்த உடனே ஒருவர் ஒரு கிளையை வெட்டி வீழ்த்துவார். அவ்வளவுதான், சடங்கு முடிந்தது. அன்றிலிருந்து ஏப்ரல் 23 வரை, குளிர்காலம் முழுக்க, ஊர்க்காரர்கள் அந்தக் காட்டு மரங்களில் கிளை கழித்து விறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. எந்த வருஷமாவது நள்ளிரவில் அந்த முதல் வெட்டு விழாமல் போனால், உரிமை அத்தோடு காலி. திரும்பக் கிடைக்காது. ஊரில் எல்லோரும் நம்பியது இது.

கேட்பதற்கு ஏதோ கிராமத்துத் திருவிழா மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தக் கோடரி வெட்டிலிருந்து கிளம்பிய ஒரு சண்டை, லண்டன் மாநகரத்தின் ஓரத்தில் சுமார் ஆறாயிரம் ஏக்கர் காட்டைக் காப்பாற்றியிருக்கிறது. இன்றைக்கும் அந்தக் காடு இருக்கிறது. எப்பிங் காடு என்று பெயர். லண்டனின் பாதாள ரயிலில் ஏறி உட்கார்ந்தால் லௌட்டனில் போய் இறங்கிவிடலாம். ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் காடு.

கதைக்குப் போவதற்கு முன்னால் 'காடு' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஃபாரஸ்ட்' என்றால் நமக்கு மரங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் ராஜாக்களுக்கு அது மரம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. ராஜா வேட்டையாடுவதற்காக மான்களை வளர்க்கும் பிரதேசம், அங்கே மட்டும் செல்லுபடியாகும் தனிச் சட்டம், இரண்டும் சேர்ந்ததுதான் 'ஃபாரஸ்ட்'. அதற்குள் வயலும் இருக்கும், கிராமமும் இருக்கும். மான் மீது கை வைத்தால் கடும் தண்டனை. அதே சமயம் இன்னொரு விதியும் உண்டு. மான்கள் தடையில்லாமல் ஓட வேண்டும் அல்லவா? அதனால் யாரும் எங்கேயும் வேலி போடக்கூடாது.

இந்த 'வேலி கூடாது' என்ற விதியில்தான் ஏழைகளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வேலி இல்லாத காட்டில் மாடு மேயலாம், பன்றி மேயலாம், விறகு பொறுக்கலாம். 1217-ல், மூன்றாம் ஹென்றி சிறுவனாக இருந்தபோது, அவர் பெயரில் 'வனப் பட்டயம்' என்று ஒன்று வெளியானது. காட்டுக்குள் குடியிருக்கும் சாதாரண ஜனங்களின் புழக்க உரிமைகளை அது ஒப்புக்கொண்டது. சரித்திரப் புத்தகங்களில் மேக்னா கார்ட்டாவுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் கொடுப்பார்கள். அது பிரபுக்கள் சமாசாரம். அடுப்பெரிக்க வேண்டியவனுக்கு வனப் பட்டயம்தான் பெரிய விஷயம்.

லௌட்டன்காரர்களுக்குக் கிளை கழிக்கும் உரிமையைத் தந்தது முதலாம் எலிசபெத் மகாராணி என்று ஊரில் பரம்பரையாகச் சொல்லிவந்தார்கள். எழுத்து மூலமான சாசனம் எதுவும் கையில் கிடையாது. பழக்கம்தான் பத்திரம்.

அவர்கள் விறகு வெட்டிய விதத்தையும் பார்க்க வேண்டும். மரத்தை அடியோடு சாய்க்க மாட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேலே, மாடும் மானும் எட்டாத இடத்தில், கிளைகளை மட்டும் கழிப்பார்கள். அந்த இடத்திலிருந்து புதுக்கிளைகள் கொத்தாகக் கிளம்பும். கீழே தளிர்த்தால் மாடு தின்றுவிடும், மேலே தளிர்த்தால் தப்பிக்கும். சில வருஷம் கழித்து மறுபடி கழிக்கலாம். இப்படியே நூற்றுக்கணக்கான வருஷம்! பீச், ஓக், ஹார்ன்பீம் என்று எப்பிங் மரங்கள் எல்லாம் பருத்த அடிமரமும் தலையில் விரல் விரித்த மாதிரி கிளைகளுமாக நிற்பதற்கு இதுதான் காரணம். சும்மா விட்ட மரத்தைவிட இப்படிக் கழித்துவிட்ட மரத்துக்கு ஆயுசு கெட்டி. காட்டை அழிக்காமல் காட்டிலிருந்தே பிழைக்க அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி வில்லன் வர வேண்டிய நேரம்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் ராஜாங்கத்துக்கு மான் வேட்டையில் சுவாரஸ்யம் போய்விட்டது. காட்டின் மீது தனக்கிருந்த உரிமைகளை, அந்தந்த ஊர் நிலப்பிரபுக்களுக்கே விற்க ஆரம்பித்தது. நம் பக்கத்து ஜமீன்தார் மாதிரி அங்கே 'லார்டு ஆஃப் த மேனர்' என்று ஒருவர் இருப்பார். அவருக்கு இது பம்பர் லாட்டரி. ராஜாவின் பிடி விலகினால் வேலி போடலாம். வேலி போட்டால் மரத்தை வெட்டலாம். மரத்தை வெட்டினால் மனை போடலாம். லண்டன் வேறு வீங்கிக்கொண்டே வருகிறது. 1856-ல் லௌட்டனுக்கு ரயிலும் வந்துவிட்டது. ரயில் வந்த ஊரில் நிலத்தின் விலை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

என்ன நடக்கக்கூடும் என்பதற்கு உதாரணமும் பக்கத்திலேயே இருந்தது. எப்பிங்கை ஒட்டி ஹெய்னால்ட் என்று ஒரு காடு. 1851-ல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் போட்டு அதன் வன அந்தஸ்தை ரத்து செய்தார்கள். நீராவி இயந்திரங்களைக் கொண்டுவந்து ஓக் மரங்களை வேரோடு பிடுங்கினார்கள். நூற்றாண்டுகளாக வளர்ந்த காட்டின் பெரும் பகுதி மிகக் குறுகிய காலத்தில் வயலாகிவிட்டது. 'அடுத்தது நாம்தான்' என்று எப்பிங்கில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும்.

லௌட்டனின் நிலப்பிரபு ஜான் விட்டேக்கர் மெய்ட்லண்ட். இவரிடம் ஒரு விசேஷம். ஊருக்குப் பாதிரியாரும் இவர்தான்! ஞாயிற்றுக்கிழமை 'பிறன் பொருளை இச்சிக்காதே' என்று பிரசங்கம் செய்யவேண்டிய மனிதர், 1860-களின் நடுவில் சுமார் 1,300 ஏக்கர் காட்டை வளைத்து வேலி போட்டார். மரங்கள் விழ ஆரம்பித்தன.

அந்த நள்ளிரவுச் சடங்கை நிறுத்தப் பார்த்ததாக ஒரு கதையும் ஊரில் உண்டு. கிளை கழிக்கும் ஆட்கள் அத்தனை பேருக்கும் நவம்பர் 11 ராத்திரி ஒரு சத்திரத்தில் விருந்து. சாப்பாடு, பீர், எல்லாம் இலவசம். பன்னிரண்டு மணி வரை குடிக்க வைத்துவிட்டால் யாரும் எழுந்து போக மாட்டார்கள், உரிமை தானாகச் செத்துவிடும் என்பது திட்டம். ஆனால் ஒரு கிழவர் மட்டும் நிதானம் தவறவில்லை. பன்னிரண்டு அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நைசாக வெளியே நழுவினார். காட்டுக்குப் போனார். கிளையை வெட்டினார். வெட்டிய கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு விருந்து நடந்த இடத்துக்கே திரும்பி வந்து நின்றார்!

இந்தக் கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கைச்சரக்கு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் அந்தக் கிழவர் நிஜம். பெயர் தாமஸ் வில்லிங்கேல். கூலி வேலை செய்து, விறகு வெட்டிப் பிழைத்தவர். அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

வேலி போட்ட பிறகும் வில்லிங்கேல் குடும்பம் வழக்கம்போலக் காட்டுக்குப் போய்க் கிளை கழித்தது. 1866-ல் குடும்பத்து இளைஞர்கள் மூன்று பேரைப் பிடித்து, மரங்களுக்குச் சேதம் விளைவித்ததாகக் கேஸ் போட்டார்கள். கோர்ட்டில் அபராதம் விதித்தார்கள். சின்னத் தொகைதான். கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கட்டினால் 'செய்தது தப்பு' என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? மூவரும் மறுத்துவிட்டார்கள். ஏழு நாள் கடுங்காவல். அந்த ஈரச் சிறையில் ஒருவனுக்குச் சளி பிடித்து, அதிலேயே இறந்துபோனான் என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு கட்டு விறகுக்காக ஜெயிலுக்குப் போன செய்தி லண்டனை எட்டியது. நல்லவேளையாக, அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 1865-ல், பொது நிலங்களைப் பாதுகாக்க அங்கே ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். ஷா லெஃபெவர் என்கிற நாடாளுமன்ற உறுப்பினர் அதன் முக்கியப் புள்ளி. சங்கம் கிழவருக்குக் கைகொடுத்தது. 1866-ல் மெய்ட்லண்ட் மீது வில்லிங்கேல் வழக்குத் தொடுத்தார். விறகுவெட்டி வாதி, பாதிரியாரான நிலப்பிரபு பிரதிவாதி!

எதிர்த்தரப்பு வக்கீல்கள் சாமர்த்தியமான ஒரு கேள்வியைக் கிளப்பினார்கள். 'ஊர்க்காரர்கள்' என்பது யார்? இன்றைக்கு ஒருவன் பிறக்கிறான், நாளைக்கு ஒருவன் ஊரைவிட்டுப் போகிறான். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் கும்பலுக்குச் சொத்துரிமை எப்படி இருக்க முடியும்? ஆளும் பேரும் இருந்தால்தானே உரிமை? நம் ஊரில் மந்தைவெளியையும் ஏரிக்கரையையும் வளைத்துப் போடுகிறவர்கள் இதே கேள்வியைத்தான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்: 'இது யார் பேர்ல இருக்கு?' ராஜாங்கம் கொடுத்த உரிமையாக இருந்தால் ஊர்க்காரர்கள் அதைக் கூட்டாக வைத்துக்கொள்ள முடியும் என்று நீதிமன்றம் சொல்லி, வழக்கைத் தொடர அனுமதித்தது.

பெரியவருக்குத் தொல்லை அதோடு தீரவில்லை. வழக்கு நிற்க வேண்டுமானால் அவர் அதே ஊரில் குடியிருக்க வேண்டும். நிலம் முழுக்க நிலப்பிரபு கையில் இருக்கும் ஊரில், அவரை எதிர்த்துக் கேஸ் போட்டவனுக்கு வேலையும் வீடும் யார் கொடுப்பார்கள்? வழக்கைக் கைவிடச் சொல்லிப் பணத்தாசையும் காட்டினார்கள் என்று ஷா லெஃபெவர் பிற்பாடு எழுதினார். கிழவர் அசையவில்லை. ஆனால் ஆயுசு ஒத்துழைக்க வேண்டுமே? 1870-ல் வில்லிங்கேல் இறந்துபோனார். வாதி இறந்ததால் வழக்கும் தீர்ப்பில்லாமல் முடிந்துபோனது.

மெய்ட்லண்ட் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார். ஆனால் நாலு வருஷம் வழக்கு நடந்ததால் அவரும் மற்ற நிலப்பிரபுக்களும் இஷ்டத்துக்கு ஆட முடியவில்லை. அந்த அவகாசத்தில் சங்கத்துக்கு ஒரு புத்திசாலி கிடைத்திருந்தார். ராபர்ட் ஹன்டர். இருபதுகளில் இருந்த இளம் வழக்கறிஞர். பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தவர், விறகை விட்டுவிட்டு மாட்டைப் பிடித்தார்.

அவருடைய வாதம் ரொம்ப எளிமையானது. காட்டில் வேலி கிடையாது. ஒரு கிராமத்து மாடு மேய்ந்துகொண்டே அடுத்த கிராமத்து எல்லைக்குள் போகும். மாட்டுக்கு என்ன, மேனர் எல்லை தெரியுமா? நூற்றாண்டுகளாக யாரும் தடுத்ததில்லை. அப்படியானால் காட்டின் எந்த மூலையில் மேய்ச்சல் உரிமை இருந்தாலும், அது காடு முழுமைக்கும் உரிமை! தெற்குக் கோடியில் நிலம் வைத்திருப்பவர் வடக்குக் கோடியில் போடும் வேலியை எதிர்த்துக் கேஸ் போடலாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வில்லிங்கேலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, கேஸ் போடுவது யார்? கொட்டிக் கொடுக்கப் பணம் வேண்டும். சாகாத வாதியாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆசாமி கிடைத்தார்: லண்டன் சிட்டி கார்ப்பரேஷன். 1850-களில் இடுகாட்டுக்காக லிட்டில் இல்ஃபர்டு பக்கத்தில் கார்ப்பரேஷன் நிலம் வாங்கியிருந்தது. அந்த நிலத்தோடு எப்பிங் காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. உலகத்தின் பணக்கார நகராட்சிகளில் ஒன்று, 1871-ல், 'எங்கள் மாட்டுக்குப் புல் வேண்டும்' என்று கோர்ட்டுக்குப் போனது. செத்தவர்களுக்காக வாங்கிய நிலம், காட்டுக்கு உயிர் கொடுத்தது!

மூன்று வருஷம் வழக்கு நடந்தது. 1874 நவம்பரில் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் தீர்ப்புச் சொன்னார். நிலப்பிரபுக்கள் போட்ட வேலிகள் சட்டவிரோதம், வழக்குக்கு முந்தைய இருபது வருஷத்தில் வளைத்ததெல்லாம் செல்லாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். வேலிகள் விழுந்தன. 1878-ல் எப்பிங் வனச் சட்டம் நிறைவேறியது. காட்டைப் பராமரிக்கும் பொறுப்பு லண்டன் சிட்டி கார்ப்பரேஷனிடம் வந்தது. வேலி போடாமல், பொதுஜனம் வந்து உலாவுவதற்காகக் காட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் உத்தரவு. 1882 மே 6-ம் தேதி விக்டோரியா மகாராணியே நேரில் வந்து, காட்டை என்றென்றைக்கும் தம் மக்களின் உபயோகத்துக்கும் சந்தோஷத்துக்கும் அர்ப்பணித்தார்.

இந்த இடத்தில், நமக்கு நெருக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. அதே 1878-ல்தான் நம் நாட்டில் இந்திய வனச் சட்டமும் வந்தது. மகாராணி ஒருவர்தான், சட்டம் போட்ட விதம் நேரெதிர். லௌட்டனில், தலைமுறைகளாக வந்த பழக்கத்தை 'உரிமை' என்று பார்த்தார்கள். இங்கே அதே பழக்கத்தை, பெரும்பாலும் சர்க்கார் தயவில் கிடைக்கும் 'சலுகை' என்று சுருக்கிவிட்டார்கள். அப்போதைய மெட்ராஸ் அரசாங்கமே, 'எங்கள் பக்கத்துக் காடுகளில் கிராமத்தாருக்கு உரிமை உண்டு, அதை எப்படிப் பறிப்பது?' என்று ஆட்சேபித்தது. கடைசியில் அதுவும் 1882-ல் தனியாக ஒரு வனச் சட்டம் போட்டுக்கொண்டது. ஆம், மகாராணி எப்பிங்குக்குப் போன அதே வருஷம். எப்பிங் வனச் சட்டத்தின்படி யாருக்கு என்ன பங்கு என்று பைசல் பண்ண நடுவராகப் போட்ட ஆர்தர் ஹாப்ஹவுஸ் யார் தெரியுமா? 1872 முதல் 1877 வரை கல்கத்தாவில் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராக இருந்தவர்! இந்தியக் காட்டுவாசிகளின் உரிமைகளை அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டம் வருவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லௌட்டன்காரர்களுக்கு மட்டும் எல்லாம் சுபமாக முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. காட்டைக் காப்பாற்றக் கிளம்பிய அதே 1878 சட்டம், கிளை கழிக்கும் உரிமையை நிறுத்திவிட்டது! லண்டன் கனவான்களின் கண்ணுக்குக் கோடரி என்றால் அழிவுதான். காடு உலாவுவதற்கு, ரசிப்பதற்கு. விறகு வெட்டுவதற்கு அல்ல என்று நினைத்தார்கள். ஹாப்ஹவுஸ் நஷ்ட ஈடு நிர்ணயித்தார். சுமார் ஏழாயிரம் பவுன். அதிலிருந்து ஊருக்குப் பொதுவாக ஒரு மண்டபம் கட்டிக்கொண்டார்கள். 1884-ல் திறந்த அந்த 'லாப்பிங் ஹால்' இன்னும் லௌட்டனில் இருக்கிறது. கிளை கழிப்பு மண்டபம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நவம்பர் 11 ராத்திரி கோடரி எடுத்துக்கொண்டு யாரும் போக வேண்டியிருக்கவில்லை.

மரங்கள் என்ன ஆயின என்று கேளுங்கள். கழிக்க ஆள் இல்லாமல் கிளைகள் தடித்துக்கொண்டே போயின. பழைய அடிமரத்தின் தலையில் பெரிய பெரிய மரங்களே முளைத்து நிற்கிற மாதிரி பாரம். காற்றடித்தால் பிளந்து விழும். மேலே கூரை மூடிக்கொண்டதால் கீழே வெயில் இறங்கவில்லை. வெளிச்சம் தேவைப்படும் செடிகொடிகள் குறைந்துபோயின. கிராமத்தார் கோடரிதான் அந்தக் காட்டுக்குள் சூரியனைக் கொண்டுவந்து கொண்டிருந்தது என்பது நூறு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. இப்போது காட்டு நிர்வாகமே சில பகுதிகளில் திட்டம் போட்டுக் கிளைகளைக் கழிக்கிறது. மாடுகளையும் திரும்ப மேய விட்டிருக்கிறார்கள். எழுபது வயதுக் கிழவருக்கு அன்றைக்கே தெரிந்த பாடம்!

ராபர்ட் ஹன்டர் அதோடு நிற்கவில்லை. வாதி இறந்தால் வழக்கும் சாகிறதே என்ற பாடத்தை மறக்காமல், பொதுச் சொத்தைச் சாகாத ஒரு அமைப்பின் பெயரில் வைக்க வேண்டும் என்று பாடுபட்டார். ஆக்டேவியா ஹில், பாதிரியார் ரான்ஸ்லி ஆகியோருடன் சேர்ந்து 1895-ல் அவர் ஆரம்பித்ததுதான் 'நேஷனல் டிரஸ்ட்'. இங்கிலாந்தில் கடற்கரை, மலை, பழைய மாளிகை என்று எங்கே சுற்றிப் பார்க்கப் போனாலும் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்ப்பீர்கள்.

லௌட்டன் இன்று கிராமம் இல்லை, ஒரு டவுன். வில்லிங்கேல் பெயரில் அங்கே ஒரு தெருவும் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கின்றன. லாப்பிங் ஹாலின் பழைய வாசலுக்கு மேலே சுடுமண்ணில் ஒரு சிற்பம். சில ஆட்கள் மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருக்கிறார்கள். என்றைக்காவது லண்டன் போனால், அரண்மனையையும் மெழுகு பொம்மைகளையும் பார்த்த கையோடு, அரை நாள் ஒதுக்கி லௌட்டனுக்கும் போய்ப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது. அந்தக் கட்டணத்தை வில்லிங்கேல் வீட்டுப் பையன்கள் மூன்று பேர், ஏழு நாள் ஜெயிலில் இருந்து, உங்களுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.